ஸோர்கா இன்றும் திட்டினாள்

அக்டோபர் 6, திங்கள்

கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்தார்கள். பெரிய வலி இல்லை. "இருபத்தொண்ணாம் தேதி வாங்க, டாக்டரே சொல்லுவாரு" என்றாள் நர்ஸ். பட்டாணி அளவுக் கட்டி. அதற்குப் பதினைந்து நாள்.

லுபிங்காவிடம் பல் டாக்டரிடம் போனதாகச் சொன்னேன். இருபத்தெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்துகிறவள். நம்பினாளா, நம்பியதுபோல் காட்டிக்கொண்டாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இதில் ஒரு தலைவலி இருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறவள் ரொட்டிக்கடை ஸோர்காவின் நாத்தனார். அவள் வாயில் எதுவும் தங்காது. என் கழுத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

அக்டோபர் 8, புதன்

பெரிய கடையின் கல்லாப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க ஐயா! இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

பதினோரு வருஷமாக அந்தப் பெண் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்: "பை வேணுமா?" அதையும் சோப்பைப் பார்த்துத்தான் கேட்பாள். இன்று திடீரென்று நான் எப்படி இருக்கிறேன் என்று இவளுக்கு எதற்கு?

முப்பத்தொரு வருஷம் இந்த ஊர்க் கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன் நான். எடை சரியாக இருக்கிற கடைக்காரன், "சீக்கிரம் பாத்துட்டுக் கெளம்புய்யா, வியாபாரம் கெடுது" என்பான். நாற்காலி இழுத்துப் போட்டு, பிளம் சாராயம் ஊற்றி, பிள்ளைகள் சௌக்கியமா என்று விசாரிக்கிறவன் தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் இருக்கும். ஒரு தடவைகூட நான் ஏமாந்ததில்லை. கடைக்காரர் சிரித்தால் ஏதோ ஒளிக்கிறார் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

அக்டோபர் 9

மருந்துக்கடையிலும். அந்தச் சிடுமூஞ்சி கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார். "உடம்பப் பாத்துக்கங்க."

உடம்பை!

அக்டோபர் 10, வெள்ளி

முடிவு செய்தேன். ஊரில் யார் முகத்தையும் நம்பக் கூடாது, ஸோர்காவின் முகத்தைத் தவிர. செய்தி முதலில் வந்து சேர்வது அவளிடம்தான். அவள் என்றைக்கு என்னிடம் மரியாதையாகப் பேசுகிறாளோ அன்றைக்கு என் கதை முடிந்தது.

பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட புரெக் ரொட்டி ஒன்று கேட்டேன். சூடாக இருக்கிறதா என்றும் கேட்டேன், வேண்டுமென்றே.

"ஏ இன்ஸ்பெக்டரு, ஆவி பறக்குது, கண்ணு தெரியலையா? வெரல உள்ள விட்டுக் காட்டவா? நகரு, பின்னால ஆளு நிக்குது!"

வாசலில் நின்றே முழுவதையும் தின்றேன். ஒரு வாரமாக இப்படிப் பசித்ததில்லை.

அக்டோபர் 11

இறைச்சிக்கடை மிலாடின். எடை குறைகிறது என்று ஒரு காலத்தில் அவன் தராசைப் பூட்டி சீல் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு எலும்பும் ஜவ்வும்தான். இன்று நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, "உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்" என்கிறான். எதற்கு? எத்தனை நாளைக்கு இவன் எடுத்து வைக்கப் போகிறான்? கறி தொண்டையில் இறங்கவில்லை. லுபிங்கா, "பல்லா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

தபால் நிலையத்தில் படிவம் நிரப்பும்போது பேனா எழுதவில்லை. சன்னலுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் தன் சொந்தப் பேனாவை நீட்டினாள். "அவசரமில்ல, மெதுவா எழுதுங்க."

தபால் நிலையத்தில் அவசரமில்லையா! படிவத்தைப் பாதியிலேயே விட்டேன். நேராக ஸோர்காவிடம் போனேன்.

தெய்வம் இருக்கிறது. இன்று அவள் பொழிந்துவிட்டாள். என் தொப்பியில் ஆரம்பித்து, சேற்றுச் செருப்புக்கு இறங்கி, நான் காசு எண்ணுகிற வேகத்துக்குப் போய், கடைசியில் செத்துப்போன என் மாமியார் வரை. "அந்தப் பொம்பள உனக்கு எப்பிடித்தான் பொண்ணு குடுத்தாளோ!" பையைத் தூக்கி எறியாத குறையாக வைத்தாள்.

இவ்வளவு நன்றாக அவள் திட்டி நான் கேட்டதே இல்லை. எனக்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 16

காரணம் தெரிந்துவிட்டது! நகர மண்டபச் சுவரில் பெரிய சுவரொட்டி. வணிகர் சங்கம் போட்டி வைத்திருக்கிறது. இந்த மாதம் முழுவதும் எந்தக் கடை வாடிக்கையாளரிடம் மிகவும் அன்பாக நடக்கிறதோ, அந்தக் கடைக்காரருக்குக் கிரேக்கக் கடற்கரையில் ஒரு வாரம். தபால் நிலையத்தையும் சேர்த்திருக்கிறார்கள். இதற்காகத்தானா மிலாடின் எனக்கு நல்ல கறி கொடுத்தான்! நடுத்தெருவில் நின்று சிரித்தேன். போகிறவர்கள் பார்த்தார்கள்.

ஸோர்காவிடம் நீ போட்டியில் சேரவில்லையா என்றேன்.

"கடலு எனக்கு ஆகாது. ஒன்ன மாதிரி ஆளப் பாத்து இளிக்கிறதும் ஆகாது. என்ன வேணும், சொல்லித் தொலை."

அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

டாக்டர் நாற்காலி இழுத்துப் போட்டார்.

புற்றுதான். தைராய்டு. முழுவதும் எடுத்துவிடலாம், சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம், நல்ல விஷயம் என்றார். நல்ல விஷயமாம். இருபத்தொன்பதாம் தேதி நோவி சாத் நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை. பயமா இருக்கு. வேற என்னத்த எழுத.

லுபிங்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மேசைத்துணியை நீவிக்கொண்டிருந்தாள். "பல் டாக்டர்கிட்ட போனவன் கழுத்துல பஞ்சு ஒட்டிக்கிட்டு வருவானா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாள். பிறகு அழுதாள். நானும்தான்.

அக்டோபர் 22

ஏழரை மணிக்கு ரொட்டிக்கடை. நல்ல கூட்டம். என் முறை வந்தபோது ஸோர்கா ஏதோ திட்ட வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். உள்ளே இருந்தவர்களை எல்லாம் வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டு, மாவு மூட்டைமேல் என்னை உட்காரவைத்தாள்.

"டாக்டர் சொல்லிட்டாரா?"

"உனக்கு எப்போ தெரியும்?"

"போன வாரம் திங்கக்கெழம."

திங்கட்கிழமை. மாமியாரை இழுத்த அன்று.

"அப்புறம் எதுக்குத் திட்டின?"

"நீ புரெக் திங்கவா வந்த? என் மூஞ்சியப் படிக்கத்தான வந்த. ஒரு நாளு நான் நல்லாப் பேசியிருந்தா அன்னிக்கே நீ செத்திருப்பய்யா!" இடுப்பில் கட்டியிருந்த துணியால் மூக்கைத் துடைத்தாள். "ஒம்போது நாளு. வார்த்தை கெடைக்காம ராத்திரியே யோசிச்சு வச்சுக்குவேன். உன் மாமியா பாவம், எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல."

கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். "நில்லுங்க, அஞ்சு நிமிஷத்துல யாரும் சாகப்போறதில்ல!" என்று கத்தினாள். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம். வெளியே இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அக்டோபர் 28

பெட்டி கட்டியாயிற்று. போட்டியில் மருந்துக்கடை முந்துகிறதாம்.

நவம்பர் 18, செவ்வாய்

தையல் பிரித்துப் பத்து நாளாகிறது. எடுத்த பிறகும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மறுபடி சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வியாழக்கிழமை. சோதனைக்கூடம் அதேதான், தட்டச்சு செய்கிறவளும் அவளேதான்.

இன்று முதல் தடவையாகத் தனியாக நடந்து ரொட்டிக்கடைக்குப் போனேன். குரல் இன்னும் சரியாக வரவில்லை. கழுத்தில் துணி சுற்றியிருக்கிறதே, இரக்கப்பட்டு வழி விடுவார்கள் என்று நேராக முன்னால் போய் நின்றேன்.

"ஏ இன்ஸ்பெக்டரு! வரிசை உன் கண்ணுக்குத் தெரியலையா? கழுத்தத்தான அறுத்தாங்க, கண்ணையுமா புடுங்கிட்டாங்க?"

வரிசையில் ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மேடைமேல் குனிந்து, இருக்கிற குரலில் கேட்டேன்:

"இது நெசமாத் திட்டுறதா?"

ஸோர்கா கையில் இருந்த மாவைத் தட்டினாள். இந்த முறை அடுப்பைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் நாத்தனா வந்தா" என்றாள் மெதுவாக. பிறகு கடை அதிர, "நெசமாத்தான்யா திட்டுறேன்! போ, பின்னால போய் நில்லு!"

பின்னால் போய் நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர்.