தன்னையே ஜெயித்த ஆம்ப்ளிஃபயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முட்டியையும் உன் அப்பாவின் பிடிவாதத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் சொல். போன் இருக்கும்போது இவள் ஏன் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேச ஆரம்பித்ததும் உன் அப்பா எங்கிருந்தாவது ஓடிவந்து ஸ்பீக்கர் பட்டனை அழுத்திவிடுகிறார், அப்புறம் அவரைப் பற்றி நான் எப்படிப் பேசுவது? போன தடவை நீ கேட்டாயே, ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்க இத்தனை மாசமா, என் ரூமை இன்னுமா காலி பண்ணலை என்று. அப்போது என்னவோ சொல்லி மழுப்பினேன். இப்போது முழுக் கதையும் சொல்கிறேன், டீ போட்டு வைத்துக்கொண்டு படி.

பழைய ஆம்ப்ளிஃபயர் புகைவிட்டுச் செத்தது உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ போனில் என்ன சொன்னாய்? இனிமே ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபயர்தான் வாங்கணும், ஒரே பெட்டி, வீட்டு வைஃபையிலிருந்து அதுவே பாட்டை இழுத்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், வேறு எதுவும் வேண்டாம் என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாங்கதான் இங்க வீடு வாங்கியாச்சே, இனிமே அங்க வந்தா விருந்தாளி மாதிரி நாலு நாள் இருந்துட்டுப் போகப் போறேன், என் ரூமைக் காலி பண்ணிட்டு அதைப் பாட்டு ரூமா வெச்சுக்கோங்க என்றும் சொன்னாய். நீ நல்லெண்ணத்தில்தான் சொன்னாய், எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஹாலில் அவர் அந்தக் காலத்தில் கையால் செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் ஆளுயரத்துக்கு நிற்கின்றன, போகும்போதும் வரும்போதும் என் முட்டிதான் இடிபடுகிறது. அவை ரூமுக்குப் போனால் ஹால் எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டேன். உன் அப்பா மட்டும் செஞ்சுடலாம்மா என்று உன்னிடம் சொல்லிவிட்டு எழுந்துபோய், சொட்டாத குழாயை இறுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது பார் ஆம்ப்ளிஃபயர் வேட்டை. ஊரில் எத்தனை கடை உண்டோ அத்தனையும் ஏறி இறங்கினோம். ஒன்றில் ரெக்கார்டு பிளேயரைச் செருக இடம் இல்லை என்று வேண்டாமென்றார். நம்மிடம்தான் ரெக்கார்டு பிளேயரே இல்லையே என்றேன், நாளைக்கே வாங்கினா என்ன பண்ணுவே என்றார். இன்னொன்றில் திருகுவதற்கு ஒரு குமிழ்கூட இல்லை, எல்லாம் தொட்டால் போதும். திருக ஒண்ணுமில்லாதது ஒரு ஆம்ப்ளிஃபயரா, இதுக்கு செல்போன்லயே கேட்டுட்டுப் போகலாம் என்றார். ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார், எடையே இல்லை, உள்ளே ஏதாவது இருக்கா இல்லையா என்று கடைக்காரரிடமே கேட்டார். இன்னொன்றின் முன்னால் எரிந்த நீல விளக்கு கண்ணைக் குத்துகிறதாம். கண் விஷயத்தை என்னிடம் விடுங்கள், அந்த விளக்கு யார் கண்ணையும் குத்தாது என்றேன். பார்வை பரிசோதிப்பது என் பிழைப்பு, அதற்காவது ஒரு மரியாதை வேண்டாமா? அதெல்லாம் உனக்குப் புரியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இதற்கு நடுவில் வீட்டில் பாட்டே இல்லை. அவர் இருமுவதும் நான் பாத்திரம் உருட்டுவதும்தான் கச்சேரி.

கடைசியில் பஸ் டிப்போ பக்கத்துக் கடைக்குப் போனோம். அங்கே வேலை செய்கிற பையனை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுகிறார்கள், தங்கமான பிள்ளை. எங்களை சோபாவில் உட்கார வைத்து, எதிரே இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒரே ஜோடி ஸ்பீக்கரில் மாட்டி, நடுவில் ஒரு சுவிட்சை வைத்தான். ஒரே பாட்டு, இது நல்லா இருக்கா சார், இல்லை இது நல்லா இருக்கா என்று மாற்றி மாற்றிக் கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணாடிக் கடையில் காலை முதல் சாயங்காலம் வரை நான் கேட்கிற கேள்வி அல்லவா அது! உன் அப்பா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, இது கொஞ்சம் மூச்சு முட்டுது தம்பி, அது ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கு என்று அளந்துகொண்டிருந்தார். கை சும்மா இருக்குமா எனக்கு? எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நிஜமாகவே பார்த்துச் சொல்கிறாரா, இல்லை நம்மைத் திருப்திப்படுத்தச் சொல்கிறாரா என்று சந்தேகம் வந்தால், போட்டிருக்கும் லென்ஸை எடுத்து, திரும்ப அதையே போட்டு, இப்போ எப்படி இருக்கு என்று கேட்போம். இப்பத்தான் பளிச்சுன்னு இருக்கு என்றால் ஆள் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். தாடியைப் பார்த்து, சுவிட்சைத் தொடாதே என்று ஜாடை காட்டினேன். பிள்ளை கெட்டிக்காரன், வெறுமனே மேசையில் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, இப்போ எப்படி சார் என்றான். உன் அப்பா கண்ணைத் திறக்காமலே, ஆஹா, இது வேற ரகம் என்றார்.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வாசல்படி தாண்டுவதற்குள் சிரிப்பை அடக்க முடியாமல் சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். லிஃப்ட் ஓடுற சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ஞ்சிருக்குன்னு சொன்ன காதுடி இது, அதைப் போய் ஒரு தாடிக்காரப் பையன் முன்னாடி சோதிச்சுட்டியே என்றார். ரிட்டயர் ஆகும்வரைக்கும் எத்தனை மாடிக் கட்டடங்களில் லிஃப்டைப் பழுதுபார்த்த மனுஷன், அந்தக் காதுதானே அவருக்கு மிச்சம். எனக்கே பாவமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். உப்பு வேணுமா என்றால்கூட சுவரைப் பார்த்துத்தான் தலையாட்டினார். சரி, இவர் வாங்கப் போவதில்லை என்று தெரிந்துபோனது, தாடிக்கு நானே போன் செய்து, அன்றைக்குத் தன்னோடு தானே போட்டி போட்டு ஜெயித்தது பார், அதையே அனுப்பு என்றேன். அதற்கு ஒரு பெரிய குமிழும் இருக்கிறது, நல்ல எடையும் இருக்கிறது, டிவியையும் அதிலேயே மாட்டிக்கொள்ளலாமாம்.

பெட்டி வந்து இறங்கியதும் உன் அப்பா ஒரு குற்றமாவது கண்டுபிடிப்பார் என்று காத்திருந்தேன். பிரிக்கக்கூட இல்லை. உன் ரூம் வாசலில் போய் நின்றுகொண்டு, அப்ப ரூமைக் காலி பண்ணணும் இல்ல என்று கேட்டார். அப்போதுதான் பாப்பா எனக்கு உறைத்தது. ரெக்கார்டு பிளேயருக்கு இடமில்லாததும் நீல விளக்கும் எடையும் எல்லாம் சாக்கு. ஆம்ப்ளிஃபயர் வந்துவிட்டால் உன் ரூமைக் கலைக்க வேண்டும், அதனால்தான் மனுஷன் கடை கடையாக இழுத்தடித்திருக்கிறார். ஊருக்கெல்லாம் கண்ணைச் சோதித்துச் சொல்கிறேன், கூடவே இருக்கிற மனுஷர் மனதில் இருப்பது எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நீ சொல்லிவிட்டாய், நானும் சரி என்றுவிட்டேன், கட்டிலை எடுத்துப்போகத் தச்சரிடம் வேறு சொல்லியாகிவிட்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டிலையும் அலமாரியையும் தவிர எல்லாவற்றையும் ஹாலுக்கு மாற்றினோம். மெத்தை, திரைச்சீலை, உன் புத்தகங்கள், நீச்சலில் வாங்கிய கோப்பை, உலக உருண்டை, தந்தி அறுந்த கிட்டார், அப்புறம் அந்த ஒற்றைக் கண் கரடிப் பொம்மை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கண் பார்க்கிறவள் வீட்டுக் கரடிக்கே ஒரு கண் இல்லையா என்று கேலி செய்வார்களே, அதேதான். காலியான ரூமுக்குள் நிற்கப் பிடிக்காமல் நானும் சமையலறைக்குப் போய்விட்டேன். அவரிடம் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

ஆம்ப்ளிஃபயரை வைத்து, ஸ்பீக்கர்களை நகர்த்தி, போனில் அதற்கான ஆப்பையும் ஏற்றியாகிவிட்டது. இதில் ஒரு வித்தை உண்டு, ரூம் கரெக்‌ஷன் என்று பெயர். ஸ்பீக்கர் கீழ்ச் சத்தத்திலிருந்து மேல்சத்தம் வரைக்கும் ஊய்ய்ய்ங் என்று ஊளையிடும், நாம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரூமில் மூலைக்கு மூலை நிற்க வேண்டும், ரூம் எப்படிப்பட்டது என்று அதுவே அளந்துகொண்டு பாட்டைச் சரிசெய்யுமாம். மூன்றாவது ஊளைக்கு மாடி வீட்டு வக்கீல் இறங்கி வந்து, வீட்டிலேயே பல் டாக்டரை வரவழைத்திருக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். அளந்து முடித்ததும் பாட்டைப் போட்டோம். குளியலறையில் பாடுவதுபோல் ஒரே எதிரொலி, பாடுகிறவர் ஒருவர், காதில் கேட்பது மூன்று குரல். இதைச் சரிசெய்ய என்னால் ஆகாது என்று ஆப்பும் கையை விரித்துவிட்டது. அறை வெறுமையாக இருக்கிறது, மெத்தை, திரைச்சீலை, புத்தகங்கள் போன்றவை இருந்தால் ஒலி மேம்படும் என்று போனில் எழுத்து வந்தது. உன் அப்பா அதை மூன்று தரம் சத்தமாகப் படித்தார், ஏதோ கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி. நான் சொல்லலைம்மா, ஆம்ப்ளிஃபயர் சொல்லுது என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

என்னை ரூம் நடுவில் நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கோ, இப்போ நான் டெஸ்ட் பண்றேன் என்றார். கட்டிலில் மெத்தை வந்தது. நிஜமாகவே எதிரொலி குறைந்தது, குறைந்தது என்றேன். திரைச்சீலை மாட்டினார், இன்னும் நன்றாக இருந்தது. புத்தகங்களை அடுக்கியதும் பாட்டில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது, பொய் சொல்லக் கூடாது. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். இப்போ எப்படி என்று மறுபடி கேட்டார். ஒரு வித்தியாசமும் இல்லை. லேசாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால், நீச்சல் கோப்பையை அலமாரியில் வைத்துக்கொண்டிருக்கிறார். சும்மா வைக்கவில்லை, அது இத்தனை வருஷமாக இருந்த இடத்தில் தூசி படியாமல் ஒரு வட்டம் இருக்கிறது பார், அந்த வட்டத்துக்குள் சரியாக உட்கார்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கோப்பையால் பாட்டு மாறுமா? அதே லென்ஸ்தான் இது, எனக்குத் தெரியாதா? ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் தெளிவா இருக்குங்க என்றேன். உலக உருண்டை வந்தது, இன்னும் தெளிவு. கிட்டார் வந்தது, அடடா. கரடி வந்ததும், பேஸ் நல்லா அடங்கியிருக்கு என்று, கீழ்ச் சத்தத்துக்கு அவர் சொல்லித்தந்த வார்த்தையையே எடுத்து விட்டேன். கடைசியாக, இப்போ எப்படி இருக்கு என்றார். இது வேற ரகம் என்றேன். கண்ணைத் திறந்தால் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறார், எதையுமே தொடவில்லையாம். நீயும் மாட்டிக்கிட்டியா என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், எனக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாடியிடம்கூடப் போன் செய்து சொல்லியிருக்கிறார்.

ஆகவே பாப்பா, உன் ரூமில் ஒரு துரும்பைக்கூட எடுக்க முடியாது, எல்லாம் ஆம்ப்ளிஃபயருக்குத் தேவைப்படுகிறது. தச்சரிடம் கட்டில் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஹாலும் எனக்குக் கிடைத்துவிட்டது, முட்டியும் தப்பித்தது, சாயங்காலம் கடையிலிருந்து வந்தால் உன் ரூமில்தான் காபி. ரூமைக் காலி பண்ணியாச்சா என்று இனிமேல் போனில் கேட்காதே, ஸ்பீக்கரில் அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். விருந்தாளி என்ற வார்த்தையும் வேண்டாம், அன்றைக்கு அது எனக்கும்தான் சுருக்கென்றது. நீ வீடு வாங்கியதில் எங்களுக்குச் சந்தோஷம்தான், அதில் மாற்றமில்லை. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல். நீயும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருக்காமல் அவ்வப்போது ஜன்னல் வழியாகத் தூரமாக எதையாவது பார், கண்ணுக்கு நல்லது. புது வீட்டில் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். அடுத்த லீவை இப்போதே கேட்டு வைத்துவிடு. அந்த மெத்தையில் ஒரு ஆள் படுத்திருந்தால் சத்தம் இன்னும் நன்றாக இருக்குமாம். ஆப் சொல்லவில்லை, உன் அப்பா சொல்கிறார். இந்த ஒரு விஷயத்தில் அவர் காதை நான் சோதிப்பதாக இல்லை.

என்றும் உன் நினைவோடு,
அம்மா