பாச்சுவின் பல்லுறை

மைசூர்,
புதன்கிழமை

சிரஞ்சீவி கணபதிராமனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் சௌக்கியம், பம்பாய் மழையில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அப்பா நெடுநாள் ஆலோசித்து ஒரு முக்கியமான தீர்மானத்துக்கு வந்தார், அதை உனக்கு முறைப்படி தெரிவிப்பது என் கடமை. உன் தம்பி பாச்சுவுக்கு ஹாக்கி ஆடும்போது பல்லில் மாட்டிக்கொள்ள நீ அனுப்பிய ரப்பர் பல்லுறை வீட்டுக்குள் வரக்கூடாது, கொல்லையில் கொய்யாமரத்தில் கட்டிய கொட்டாங்கச்சியில்தான் இருக்க வேண்டும். வாய்க்குள் போய் வருகிற சாமான் எச்சில், அதைக் கழுவிக் கழுவி வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ள யாரும் இதுவரை விதி சொல்லவில்லையாம். ரிடையரான பிறகு அவர் போட்ட முதல் உத்தரவு இது.

உன் ஆபீஸ் சிநேகிதர் ஹாக்கி மட்டை பட்டுப் பல்லை இழந்ததைப் பார்த்துப் பயந்துதான் நீ அதை அனுப்பினாய். எனக்கும் அதே பயம், அதனால் பாச்சு நிஜமாகவே அதைப் போட்டுக்கொள்கிறானா என்று முதலிலிருந்தே சந்தேகம். தினமும் ஆட்டம் முடிந்து வந்ததும் கொட்டாங்கச்சியைக் குச்சியால் புரட்டிப் பார்ப்பேன், ஈரமாகத்தான் இருக்கும். போன வாரம் ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல், வெளியே போகவில்லை, மழையும் இல்லை, அன்றைக்கும் ஈரம். பாயில் படுத்தபடி எப்படியடா ஹாக்கி ஆடினாய் என்று கேட்டேன். மல்லப்பன் சுவரேறி வந்து எடுத்துண்டு போனான் என்றான். மல்லப்பன் அடுத்த தெரு ஜவுளிக்கடைக்காரர் மகன், இவன் கட்சியிலேயே கோல்கீப்பர். துருவிக் கேட்டதில், மேட்சில் பாதி ஆட்டம் இவன் வாயிலும் பாதி ஆட்டம் அவன் வாயிலும், நடுவே குழாயில் ஒரு அலசல் என்று தெரிந்தது. பந்தெல்லாம் அவன் மூஞ்சிக்குத்தானேம்மா வரது, அவனோடது மட்டும் பல் இல்லையா என்று என்னையே கேட்கிறான். அதை அப்படியே உன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அது இனி நம் சாமான் இல்லை, அந்தப் பையனிடமே தொலைத்துவிடு என்றார். கொடுத்தோம். சற்று நேரத்தில் மல்லப்பனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். சிவபூஜை நடக்கிற வீட்டுக்குள் எவர் வீட்டுப் பிள்ளையின் எச்சிலையோ கொண்டு வராதே என்று அவன் அம்மா பசம்மா விரட்டிவிட்டாளாம். உன் அப்பா திகைத்துப் போனார். நம்முடையதும் எச்சில்தான் என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

இரண்டு வீட்டிலும் இடமில்லாமல் அது இப்போது பள்ளிக்கூட மதில்மேல் கிடக்கிறது. தொட்டால் படியேறக் கூடாது என்று பாச்சுவுக்கு உத்தரவு, மல்லப்பனுக்கும் அப்படியே என்று கேள்வி. அடுத்த வாரம் சனிக்கிழமை பெங்களூர்ப் பையன்களோடு மேட்ச், அவர்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குகிறவர்களாம். வெறும் வாயோடு இவர்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நீ உடனே அப்பாவுக்கு எழுது, நீ சொன்னால் கேட்பார். நான் எழுதச் சொன்னேன் என்று தெரிய வேண்டாம், ஏற்கெனவே என்மேல் சந்தேகம். பல்லுறை மறுபடி அனுப்புவதானால் இரண்டாக அனுப்பு, மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு. சாமுண்டி உன்னை நன்றாக வைப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
நாகலக்ஷ்மி

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கும்படி இதை அப்பாவிடம் கொடுத்திருந்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, இது இன்னும் அவருடைய கோட்டுப் பையிலேயே இருந்தது. நேற்றைய பெங்களூர் மேட்சில் பாச்சுவுக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் மல்லப்பனுக்கு ஒன்றும் போய்விட்டன.