ஐந்து பேருக்குப் பன்னிரண்டு உருண்டை

ஆலடிக்குளம்,
மேலகரம் வழி, தென்காசி தாலுகா.
22-7-1959

அன்புள்ள தம்பி செல்லச்சாமிக்கு,

பள்ளிக்கூடத்து நாறும்பூநாதன் எழுதுவது. வழக்கம்போல் உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தத் தடவை அவர்களால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்ல முடியவில்லை. மீதியை நானே எழுதுகிறேன்.

தந்தி கிடைத்திருக்கும். உன் அண்ணன் சொரிமுத்து சென்ற சனிக்கிழமை, 18ஆம் தேதி காலை இறந்துபோனார். அன்று மாலை தென்காசி ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுத்தார்கள். உனக்கு லீவு கிடைத்து நீ வரும்வரை வைத்திருக்கக்கூடிய நிலையில் உடல் இல்லை. பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான்.

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த அன்று மடையில் நடந்த சண்டையை முன்பே எழுதியிருந்தேன். முதல் தண்ணீர் யாருக்கு என்ற பேச்சில் அண்ணன் மண்வெட்டியால் அடித்துவிட, தில்லைநாயகத்தின் தம்பி மூன்றாம் நாள் இறந்தான். அன்றிலிருந்து போலீசும் தேடியது, தில்லைநாயகமும் தேடினார். அண்ணன் நான்கு வாரமாக உன் கூட்டாளி ரத்தினத்தின் மாட்டுத் தொழுவத்துப் பரணில் இருந்திருக்கிறார். திங்கட்கிழமை வக்கீலோடு போய்க் கோர்ட்டில் சரணடைவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்னால் தில்லைநாயகத்துக்கு எப்படியோ இடம் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

அண்ணன் அதிகம் துன்பப்படவில்லை. முதல் வெட்டிலேயே நினைவு போய்விட்டதாகச் சொன்னார்கள். தடுக்கப் போன ரத்தினத்துக்குக் கையில் சிறு காயம். ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அங்கிருந்து அவன் உன் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியதை அப்படியே எழுதுகிறேன்: “என் வாய் தவறித்தான் போச்சு அத்தை. வேற யாரும் இல்ல.”

தில்லைநாயகமும் உடன் வந்த நான்கு பேரும் திங்கட்கிழமை கோர்ட்டில் ஆஜராகி, இப்போது பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறார்கள்.

அம்மா சொன்ன இரண்டு வாக்கியம்: வேளைக்குச் சாப்பிடு. லீவு தரும்போது வா, லீவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வராதே.

உன் நலம் நாடும்,
ம. நாறும்பூநாதன்


ஆலடிக்குளம்,
6-8-1959

அன்புள்ள தம்பி செல்லச்சாமிக்கு,

உன் கடிதம் நேற்றுப் பகல் தபாலில் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். இருபதாம் தேதி வருவதாகவும், ரத்தினத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறப்போவதாகவும், சிறு காயத்தோடு தப்பியவனுக்கு மிச்சத்தை நீ கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறாயே, அந்த வரி.

என் கடிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நீ வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது. அண்ணன் இருந்த இடம் ரத்தினத்துக்குத் தெரியும். வெட்ட வந்தவர்கள் அவனைச் சிறு காயத்தோடு விட்டார்கள். அவனே ஒப்புக்கொண்டும் விட்டான். ஆனால் அந்தக் கடிதத்தில் நான் பொய் எழுதினேன். தெரிந்தே எழுதினேன். இதில் உள்ளது முழுவதும் நான் கண்டது, அல்லது பார்த்தவர்களிடம் நேரில் கேட்டது.

மூன்றாம் வகுப்புக்கு நான் கணக்கு நடத்தும் முறை உனக்குத் தெரியாது. புத்தகத்தில் இருக்கும் கணக்குகளில் ராமனும் கிருஷ்ணனும் ஆப்பிள் வாங்குகிறார்கள். நம் பிள்ளைகள் ஆப்பிளைப் பார்த்ததில்லை. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு கணக்கு வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று போன வருஷம் வைத்தேன். வீட்டில் கண்டதாக இருக்க வேண்டும், எண் உண்மையாக இருக்க வேண்டும். இட்டுக்கட்டினால் அடி. ஒரு பையன், “எங்க மாமா ஒரு நாளைக்கு ஆறு பீடி குடிப்பாவ, அத்தைக்குத் தெரியாம ரெண்டு. வாரத்துக்கு எத்தன?” என்று கொண்டுவந்தான். நான்கே மாதத்தில் வாய்ப்பாடு தெரியாத பிள்ளை இல்லை என்றானது. பள்ளி ஆய்வாளர் வந்தபோது பாராட்டி எழுதினார். எனக்கு அதில் பெருமை இருந்தது.

ஜூலை 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரத்தினத்தின் மகள் குருவம்மாள் எழுந்து தன் கணக்கை வாசித்தாள். எட்டு வயது. ‘எங்கள் வீட்டில் ஐந்து பேர். அம்மா ஆளுக்கு இரண்டு களி உருண்டை வைத்தாள். மொத்தம் எத்தனை உருண்டை?’ சிலேட்டில் விடை பன்னிரண்டு என்று எழுதியிருந்தது.

தப்பு, திருத்து என்றேன். அழித்துவிட்டு மறுபடியும் பன்னிரண்டு என்றே எழுதினாள். ஐந்து இரண்டு எத்தனை என்று கேட்டேன். பத்து என்று சரியாகச் சொன்னாள். அப்படியானால் ஏன் பன்னிரண்டு என்றேன். சிலேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிடிவாதம் என்று நினைத்தேன். கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் அடித்தேன்.

அவள் நிலையைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். யார் கேட்டாலும் வீட்டில் ஐந்து பேர் என்றே சொல்ல வேண்டும் என்று அவள் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். எண் பொய்யாக இருக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். இரண்டு பேர் சொல்லையும் காப்பாற்ற நினைத்து, கேள்வியில் அம்மாவுக்காக ஐந்தும் விடையில் எனக்காகப் பன்னிரண்டும் எழுதியிருக்கிறாள். உருண்டைகளை எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

நான்காவது அடியில் உள்ளங்கைத் தோல் பிய்ந்தது. அப்போது சொன்னாள்:

“பன்னெண்டுதான் சார்வாள். தொழுவுப் பரண்ல இருக்க மாமாவுக்கு ரெண்டு.”

யாரோ விருந்தாளி என்று எடுத்துக்கொண்டேன். அப்படியானால் ஆறு பேர், ஆறு இரண்டு பன்னிரண்டு, இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கடிந்து, தொழுவுப் பரணில் இருக்கும் மாமாவையும் சேர்த்துத் திருத்திய கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு முழுவதையும் மூன்று முறை சத்தமாகச் சொல்லவைத்தேன். இரண்டாவது வரிசையில் இருந்த தில்லைநாயகத்தின் மகன் காந்திமதிநாதனும் சொன்னான்.

மூன்றாவது முறை அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. விருந்தாளியை யாரும் மாட்டுத் தொழுவத்தில் படுக்கவைப்பதில்லை.

தம்பி, பதினொன்றரை மணிக்கு எனக்குப் புரிந்தது. அண்ணனை வெட்டியது மறுநாள் காலை ஐந்து மணிக்கு. இடையில் பதினேழரை மணி நேரம். பள்ளிக்கூடத்திலிருந்து ரத்தினத்தின் வீட்டுக்கு நடந்து போகப் பத்து நிமிடம் போதும். நான் போகவில்லை. போனால் தேடப்படும் ஆள் இருக்கும் இடம் தெரிந்தவன் ஆகிவிடுவேன், வேலைக்கு ஆபத்து என்று தோன்றியது. பிள்ளைகள் மணி அடித்ததும் மறந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டேன். மச்சினன் குடும்பம் அருவி சீசனுக்கு வந்திருந்தது. சாயங்காலம் அவர்களோடு பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். நல்ல தண்ணீர் விழுந்தது.

குருவம்மாள் அடிபட்ட கையை வீட்டில் காட்டவில்லை. சத்தியத்தை மீறிவிட்ட பயம். இடது கையால் சாப்பிட்டதற்கு அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

காலை ஐந்து மணிக்குச் சாரல் பலமாக இருந்ததால் ஓட்டின்மேல் விழுந்த சத்தத்தில் ஐந்து பேர் வந்தது கேட்கவில்லை. இரண்டு பேர் வீட்டு வாசலில் நின்றுகொண்டார்கள். மூன்று பேர் தொழுவத்துக்குள் போனார்கள். பரணில் ஏணி சாத்தியதும் அண்ணன் விழித்துக் கீழே குதித்தார். மாடுகளுக்கு நடுவே விழுந்தார். முதல் வெட்டு தோளில். நினைவு போகவில்லை. காளையின் வயிற்றுக்கு அடியில் புகுந்திருக்கிறார். காளையின் பின்னங்காலை வெட்டிச் சாய்த்துவிட்டு அவரை வெளியே இழுத்தார்கள். வாசலில் நின்றவர்களைத் தள்ளிவிட்டு ரத்தினம் ஓடிவந்து, தில்லைநாயகத்தின் அரிவாளை வெறுங்கையால் பிடித்தான். அவர் உருவினார். வலது கையில் கட்டைவிரல் தவிர நான்கு விரல்களும் வைக்கோலில் விழுந்தன. நான் உனக்குச் சிறு காயம் என்று எழுதியது இதைத்தான். நீ கலங்கக் கூடாது என்று மெதுவாக எழுதினேன். அதையே நீ அவனுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டாய்.

அவர்கள் போன பிறகும் அண்ணனுக்கு உயிர் இருந்தது. பார வண்டியில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு முறை தண்ணீர் கேட்டார். மேலகரம் தாண்டும்போது அடங்கிவிட்டது. எழுதத் தெரிந்தவன் என்பதால் பிரேத விசாரணைக்கு என்னையும் பஞ்சாயத்தாராகக் கூப்பிட்டார் ஏட்டு. அவர் அளந்து சொல்லச் சொல்ல நான்தான் காயங்களை எழுதினேன். பதினான்கு. கழுத்தில் இரண்டு, தலையில் மூன்று, மற்றவை தோளிலும் கைகளிலும் முதுகிலும். கையெழுத்தும் போட்டேன். எப்படித் தகவல் போனது என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது தெரியாது என்றேன்.

தொழுவத்தில் நடந்ததையெல்லாம் குழந்தை முற்றத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காந்திமதிநாதன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். அவன் அப்பா அன்று காலைதான் கோர்ட்டுக்குப் போயிருந்தார். வகுப்புக்கு வெளியே நின்று என்னிடம் சொன்னான்:

“எங்கய்யா அந்தக் கணக்க ரெண்டு தடவ சொல்லச் சொன்னாவ சார்வாள். தப்பில்லாம சொன்னேன்.”

பாராட்டுக்காக நின்றான். நான் உள்ளே போய்விட்டேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ரத்தினத்தைப் பார்க்கப் போனேன். மகள் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவன் என்னைத் திட்டவில்லை. கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு சொன்னான்:

“பிள்ள பேரு வெளிய வரப்படாது சார்வாள். வாய் தவறுனது நானாவே இருந்துட்டுப் போறேன். செல்லச்சாமி வந்தா எங்கிட்டக் கேக்கட்டும்.”

சரி என்றேன். அவன் தன் மகளை மறைக்கக் கேட்டான். நான் அந்த மறைப்புக்குள் என்னையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். மறுநாள் உட்கார்ந்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

குருவம்மாள் இப்போது பள்ளிக்கு வருகிறாள். வெளியே நிறுத்தினால் ஊர் காரணம் கேட்கும் என்று ரத்தினம் அனுப்புகிறான். சென்ற வாரம் இரண்டும் இரண்டும் எத்தனை என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். எழுந்து நின்று, ஆறாத உள்ளங்கையை என்னிடம் நீட்டினாள். அதற்குப் பிறகு நான் கணக்கு நடத்தவில்லை.

இன்று காலை உன் அம்மாவிடம் போய், விட்ட வரியை வாசித்தேன். இந்தக் கடிதத்தில் எழுதியிருப்பதையும் சொன்னேன். நெல் புடைத்துக்கொண்டிருந்தவர்கள் சுளகைக் கீழே வைத்தார்கள். பிள்ளையை எத்தனை அடி அடித்தேன் என்று மட்டும் கேட்டார்கள். நான்கு என்றேன். சுளகை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்கள்:

“இத நீங்களே அவனுக்கு எழுதிப் போடுங்க. நான் சொல்லி எழுதுனதா இருக்கக் கூடாது.”

அதனால் இந்தக் கடிதத்தில் அம்மாவின் வாக்கியம் ஒன்றும் இல்லை.

ரத்தினம் கேட்டதை மீறி அந்தக் குழந்தையின் பெயரை உனக்கு எழுதியிருக்கிறேன். எழுதாமல் அவனைக் காப்பாற்ற வழி தெரியவில்லை. அவள் சொன்ன விடை சரி. சரியான விடையைத் தப்பு என்று சொன்னவன் நான், அடித்தவன் நான், கரும்பலகையில் எழுதியவன் நான், தெரிந்த பிறகும் அருவிக்குப் போனவன் நான். ஜெயிலில் இருக்கும் ஐந்து பேரைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும். அதற்கு வெளியே நீ யாரையாவது தேடுவதாக இருந்தால், நான்கு விரல் போனவன் வீட்டில் தேடாதே.

இருபதாம் தேதி காலை ரயிலுக்குத் தென்காசி ஸ்டேஷனில் நிற்பேன். மனைவியையும் பிள்ளைகளையும் அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பிவிட்டேன். பள்ளிக்கு ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் என்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள். இருவரும் பஸ் ஏற வேண்டாம். குளத்தங்கரை வழியாக நடந்தே வரலாம். இந்த மாதம் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. பேச வேண்டியதை அங்கே முடித்துக்கொள்வோம். அதற்குப் பிறகு நீ நேராக அம்மாவிடம் போகலாம். ரத்தினத்தின் வீட்டுக்குப் போவதானால் ஒரு நாள் கழித்துப் போ, வெறுங்கையோடு போ. குழந்தை முற்றத்தில்தான் நிற்பாள். உன் அண்ணனை மாமா என்று கூப்பிட்டவள் உன்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு இனிமேல் கடிதம் எழுதித் தர மேலத் தெருத் தபால்காரர் சம்மதித்திருக்கிறார். கையெழுத்து சுமாராக இருக்கும். பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
ம. நாறும்பூநாதன்