என்ன செய்தும் வளராத அக்லோனிமா

கிள்ளான்
ஞாயிறு

அன்பு மகள் தாமரைக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், அப்பாவின் முழங்காலை மட்டும் அந்தச் சுகத்தில் சேர்க்காதே. நீயும் லீட்ஸில் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் என்னிடம் சொல்லமாட்டாய். காகிதத்தில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. குரல் பதிவு அனுப்பினால் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், எனக்குத் தெரியும். இதை நீ அவசரமில்லாமல் வாசிக்க வேண்டும். நேற்று செந்தூலில் ஒன்றைப் பார்த்தேன் தாமரை, அந்த வியப்பு இன்னும் என் உடம்பை விட்டுப் போகவில்லை, காலையில் தேநீருக்குச் சீனி போட்டேனா என்றுகூட நினைவில்லை.

நம் ஜெஞ்சாரோம் நர்சரியில் நான் இரண்டு அக்லோனிமா அழகுச் செடிகளைக் கலந்து விதை எடுத்தது உனக்குத் தெரியும். ஒன்று சிவப்பு நரம்பு, மற்றது வெள்ளித் திட்டு, இரண்டுமே என் இடுப்புக்கு வளர்ந்து நிற்கிற நெட்டைகள். ஒன்றின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து மற்றதன் பூவில் தடவினேன், நான் செய்தது அவ்வளவுதான். அந்தப் பழங்களில் முளைத்த நாற்றுகளெல்லாம் பெற்றவர்கள் மாதிரியே கிடுகிடுவென்று மேலே போக, ஒன்று மட்டும் ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. நோஞ்சான் இல்லை, தண்டு தெரியாமல் நெருக்கமாக இலை, ஒரே இலையில் சிவப்பும் வெள்ளியும். அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் வைக்கிற அளவுக்கு ஒரு செடி இருக்கிறதா என்று எத்தனை பேர் கடைக்கு வந்து கேட்டிருக்கிறார்கள். ஆனால் அது பிறவியிலேயே குள்ளமா, இல்லை என் வளர்ப்பில் குள்ளமாகிப் போனதா என்பது எனக்கே தெரியாது. நீகூடப் போனில், “சின்னத் தொட்டியில வச்சா எதுவும் சின்னதாத்தான் இருக்கும்லா அம்மா, அதுக்குள்ள புது ரகம்னு சொல்லிட்டு இருக்கீங்க” என்றாய். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் நீ கேட்டது நியாயம். பெரிய தொட்டிக்கு மாற்றி நல்ல தீனி போட்டு, பக்கக் கன்றுகளையும் பிரித்து நட்டு, அத்தனையும் குள்ளமாகவே நின்றால்தான் புது ரகம். முதலில் பிரித்த கன்று மழையில் அழுகிப்போனது, அதற்குப் பிறகு அதில் கத்தி வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆக, உலகத்திலேயே அது ஒன்றுதான் இருந்தது.

அப்புறம் நடந்ததை இத்தனை நாளும் உன்னிடம் மறைத்தோம், அப்பாதான் சொல்லாதே என்றார். நீ லீட்ஸுக்குக் கிளம்பிய வருடம் தீபாவளிக்கு முன்னால், நர்சரியில் தண்ணீர் ஏறும் என்று பயந்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தேன். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு, அழைத்தவர் அழைக்காதவர் என்று வீடு கொள்ளாத கூட்டம். யாரையும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது உன் அப்பாவின் கொள்கை, உனக்குத் தெரியாததா. முறுக்கு டப்பாக்கள் தீர்ந்ததும் மனிதர் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார், கைக்கு அடக்கமாக அழகான செடி ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது, எடுத்து நீட்டிவிட்டார். யாரிடம் கொடுத்தீர்கள் என்றால், “ஒரே கூட்டம்லா, வாசல்ல யாரோ செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தாங்க” என்கிறார். விருந்தாளிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை, திட்டித் தீர்த்த எனக்கும் எழவில்லை. அதனால் வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஏதாவது சாக்கு வைத்துப் போய், காப்பி குடித்துக்கொண்டே கண்ணால் துழாவினோம். பொங்கல் வாழ்த்துச் சொல்லக் கமலநாதன் வீடு, முழங்கால் தைலம் விசாரிக்க ஜெயராஜ் வீடு. ஜெயராஜ் மனைவி நான் அவள் திரைச்சீலைகளின் மேல் கண் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். எங்கேயும் இல்லை. செத்துப்போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன், அப்பாவிடம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், அவரும் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார்.

நேற்றுதான் புனிதா தன் மகன் பிறந்தநாளுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அப்பா ஓய்வு பெறுவதற்கு முன் ஷா ஆலம் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த பெண், செந்தூல் ஃபிளாட்டில் எட்டாவது மாடி. அந்தத் தீபாவளிக்கு அவள் வந்ததே எனக்குத் தெரியாது, அதனால் தேடும் எண்ணமே இல்லாமல்தான் போனேன். லிஃப்ட் கதவு திறந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆன்டி, தப்பா எடுத்துக்காதீங்க, தீபாவளிக்கு அங்கிள் ஆசையா கொடுத்த செடி, நான் என்ன பண்ணியும் வளரவே மாட்டேங்குது” என்றாள். நம் செடிதான் என்று புரிந்ததும், என்னென்ன செய்தாய் என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். பெரிய தொட்டிக்கு மாற்றினாளாம், கோழி எரு போட்டாளாம், அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் ஊற்றினாளாம், திட்டிக்கூடப் பார்த்தாளாம். ஒரு சாணுக்கு மேல் எழவில்லை, சுற்றிச் சுற்றிக் கன்றுதான் போட்டதாம். தன் கை ராசியில்லை என்று நினைத்துக் கன்றுகளைப் பிரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, நீங்களாவது வளர்த்துப் பாருங்கள் என்றிருக்கிறாள். “அவங்களுக்கும் வளரல ஆன்டி, அதான் வெட்கமா போய் உங்கள இவ்வளவு நாள் கூப்பிடல” என்று முகத்தைத் தொங்கப்போட்டாள். நீ பிறந்த செய்தியைச் சொன்ன நர்ஸுக்குப் பிறகு, எனக்கு இவ்வளவு நல்ல செய்தியை யாரும் சொன்னதில்லை.

அந்த மாடியின் நடைவழியை நீ பார்த்திருக்க வேண்டும் தாமரை. கதவுக்குக் கதவு நம் செடி. ஒரு வீட்டில் பெயின்ட் வாளியில், ஒரு வீட்டில் மைலோ டின்னில், சீன அங்கிள் வாசலில் பீங்கான் தொட்டியில், கோடி வீட்டு மலாய்க்காரப் பெண் உடைந்த சோற்றுப்பானையில் வைத்திருக்கிறாள். தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு, ஊற்ற மறந்தே போகிறவர்களும் உண்டு. நான் கையை விரித்து ஒவ்வொன்றாகச் சாண் போட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தனையும் ஒரே உயரம். அத்தனை இலையிலும் அதே சிவப்பு, அதே வெள்ளி. கடைசி வாசலில் செடிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்த இரண்டு நெட்டைகளுக்குள் இந்தக் குள்ளம் எங்கே ஒளிந்திருந்தது, எத்தனை காலம் வெளியே வராமல் இருந்திருக்கும் என்று நினைக்க நினைக்க எனக்குக் கோயில் கருவறை முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. நான் உருவாக்கினேன் என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது. அப்பா பின்னாலேயே வந்து மெதுவாக, “அப்ப நான் கொடுத்தது நல்லதுக்குத்தான்” என்றார். ஆமாம் என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டேன், இனி ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். புனிதாவுக்கு மட்டும் கடைசிவரை ஒன்றும் விளங்கவில்லை. “அழாதீங்க ஆன்டி, அடுத்த தடவ கொஞ்சம் வளர்ற செடியா கொடுங்க” என்று என்னைச் சமாதானப்படுத்தினாள்.

சிவநேசன் மாமா மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது, ஒரு வாழ்த்தாவது அனுப்பு. ஈரத் தலையோடு வெளியே போகாதே, வேலை வேலை என்று இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னைச் சுற்றி நல்ல மனிதர்களே அமையட்டும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். செடியைப் புது ரகமாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்க ஒரு பெயர் வேண்டும். நான் பல வருடமாக மனதில் ஒன்றை வைத்திருந்தேன், அப்பாவும் ஒன்று சொல்கிறார், இரண்டும் வேண்டாம். முதலில் சந்தேகப்பட்டவள் நீ, பெயரை நீயே வை, மறக்காமல் இந்த மாதத்துக்குள் சொல்லிவிடு. அதுவரை அது செந்தூல் எட்டாவது மாடியில் பெயரில்லாமலே வாசலுக்கு வாசல் நிற்கட்டும்.

என்றும் உன் நினைவில்,
அம்மா
சீதாலெட்சுமி