சோடாத் தொட்டியில் போட்ட எஞ்சின் மூடி

1957 மே 14, செவ்வாய்

கச்சான் காற்று அடிக்கிறது. வாயெல்லாம் மணல். நானும் சுபைதாவும் மாமாவை மட்டக்களப்புக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தோம். இரண்டு கண்ணிலும் படலம் எடுக்கிறார்கள். இரண்டு கிழமை கண் கட்டோடு மல்லாந்து கிடக்க வேண்டுமாம்.

கட்டிலில் படுத்ததும் என்னைக் கூப்பிட்டார். "கண் தெரிஞ்சு வந்தா மொதல்ல என்ட மோட்டார் சைக்கிளத்தான் பாக்கணும். சாக்கு மூடினபடி இரிக்கட்டும். நீ கை வெச்சிராத."

பெற்ற மகள் சுபைதா பக்கத்தில் நிற்க, இப்படி. தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

நான் மருதமுனையில் நூலுக்குச் சாயம் போடுகிற வீட்டில் பிறந்தவன். கல்முனைக்குடியில் வயல்காரப் போடியார் வீட்டு மாப்பிள்ளையாகி நாலு வருஷம். என்னிடம் லைசன்ஸ் இருக்கிறது, லொறியே ஓடியிருக்கிறேன். இந்த மோ.சை.யைத் தள்ளக்கூட விட்டதில்லை மனிதர்.

மே 16, வியாழன்

சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது, யுத்தத்துக்கு முந்திய வண்டி. மாமாவுக்குக் கண் மங்கியதிலிருந்து இரண்டு வருஷமாகக் கொட்டிலில். எஞ்சினின் மூடி இரண்டிலும் கறுத்த எண்ணெய், உப்புக்காற்றில் பூத்த வெள்ளை.

கழற்றி மினுக்கி வைத்தால்? கண் திறந்து வருகிறவர் முதலில் பார்ப்பது பளபள என்று இருக்கட்டுமே. ஒரு நல்ல சொல் சொல்ல மாட்டாரா?

செய்ய:
மூடி கழற்ற
பட்டறையில் நீலச் சாயம் முடிகிறது, கூடப்பிறந்த காக்காவிடம் சொல்ல
சுபைதாவுக்கு மாம்பழம்
பல் வலி, கராம்பு வாங்க

மே 18, சனி

நாசம்.

மூடிகளை மருதமுனைக்கு, எங்கள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே கம்பி, கொக்கி, துருப்பிடித்த வாளி எது என்றாலும் கார சோடாத் தொட்டியில் போட்டு எடுப்பதுதான் வழக்கம். ஒரு நாளும் எதுவும் கெட்டதில்லை. சாயத்துக்குக் கரைத்ததில் மிச்சம் கிடந்தது. பெரிய மூடியைப் போட்டேன். நுரைத்தது. அழுக்குப் போகிறது என்று எனக்குச் சந்தோஷம். லுஹருக்குப் பாங்கு. பள்ளிக்குப் போய்த் தொழுது, வாசலில் கொஞ்சம் கதைத்துவிட்டு வந்தால், அடுப்பே இல்லாமல் தொட்டி சோறு மாதிரிக் கொதிக்கிறது. தடியால் தூக்கினேன். கரி. கழுவினால் மூடியின் முகமெல்லாம் அம்மைத் தழும்பு.

காக்கா பார்த்தார். "நம்மட பட்டறைல அலுமினியச் சட்டி ஏன்டா இல்ல? சோடா அதத் திண்டிரும் எண்டு வாப்பா சொல்லல்லயா?"

சொன்னார்தான். சட்டி என்றால் ஞாபகம் வந்திருக்கும். எஞ்சின் என்றதும் எல்லாம் இரும்பு என்றே நினைத்துவிட்டேன், மடையன்.

சின்ன மூடி தப்பியது.

மே 19, ஞாயிறு

சுபைதாவிடம் காட்டினேன். விரலால் பள்ளங்களைத் தடவினாள். பிறகு, வாப்பா கேட்டால் நீங்களே சொல்லுங்கள், நான் பொய்யும் சொல்ல மாட்டேன், காட்டியும் கொடுக்க மாட்டேன் என்றாள். மீன் ஆணத்தில் உப்பு அதிகம். மிச்சம் வைக்காமல் தின்றேன்.

மே 20, திங்கள்

மினுக்குகிற ஆள் தேடி அலைச்சல்.

தட்டார், பாண்டிருப்பு: பொன், வெள்ளி மட்டும். சட்டிச் சாமானைத் தொட மாட்டார்.
கொல்லன்: அரத்தால் ராவித் தருகிறானாம். ஓடி வந்துவிட்டேன்.
கராஜில் ரிப்பேர் பார்க்கும் பாஸ்: பழைய மூடி, வேறு வாங்கக் கிடைக்காது. மினுக்குகிற சில்லு, துணிச் சக்கரம், கொழும்பில்தான். அனுப்பினால் இரண்டு மாதம்.

இரண்டு மாதமாம். எனக்கு இருப்பது பத்து நாள்.

மே 22, புதன்

மாமாவைப் பார்க்க மட்டக்களப்புக்கு. மூடியையும் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனேன், அங்கே யாராவது இருப்பார்கள் என்று. மாமா கட்டுக்குள் இருந்தபடி கேட்டார்: "சைக்கிள் எப்பிடி இரிக்கி?" நல்லா இருக்கு என்றேன். மூடி என் மடியில்.

பல் வலி உயிர் போகிறது. பஸ் வரும் முன் சீனப் பல் வைத்தியரிடம் நுழைந்தேன். உள்ளே ஒரு சில்லு, காலால் மிதிக்கிறார், துணி வட்டம் சுற்றுகிறது. கட்டுப்பல் ஒன்றை அதில் பிடித்தார். எடுத்தபோது கண்ணாடி. என் பல் வலி எங்கே போனது என்று தெரியவில்லை.

சாக்கை அவிழ்த்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் பள்ளத்தைச் சுரண்டினார். முதலில் கல்லில் தேய்ப்பாராம், பிறகு மாப்போல் அரைத்த தூள், பிறகு துணி. கட்டுப்பல்லுக்கும் அதே முறைதானாம், இது பெரிய பல், அவ்வளவுதான். மூடி நடுவில் கம்பெனிப் பெயர் மேடாக எழும்பி இருக்கிறது. அதைத் தொட்டுக் கேட்டார்:

"பள்ளம் போகணுமா, எழுத்து நிக்கணுமா? ரெண்டும் ஏலாது."

பள்ளம் போகட்டும் என்றேன். மாமா பளபளப்பைப் பார்ப்பார், எழுத்தையா வாசிக்கப் போகிறார்.

பல்லையும் பிடுங்கிவிட்டார்.

மே 27, திங்கள்

மூடி வாங்கி வந்தேன். என் மீசை தெரிகிறது அதில். எழுத்து இருந்த இடம் வழவழ. சின்ன மூடியையும் அவரே மினுக்கித் தந்தார். கராஜ் பாஸ் வந்து பூட்டினார், பிளக் துடைத்து, எண்ணெய் மாற்றி, பெட்ரோல் விட்டார். எஞ்சின் உதைத்ததும் எடுபட்டது. யார் செய்தது என்று பாஸ் கேட்டார். பல் வைத்தியர் என்றேன், நம்பவில்லை.

மே 30, வியாழன்

மாமா வீட்டுக்கு வந்தார்.

பார்வை இல்லை. படலம் எடுத்தாயிற்று, ஆனால் உள் நரம்பு முன்னமே பட்டுப்போயிருக்கிறதாம். டொக்டர் தன்மையாகத்தான் சொன்னார். வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் இனி. பஸ்ஸில் சுபைதா முக்காட்டுக்குள் அழுதுகொண்டே வந்தாள்.

வந்ததும் கொட்டிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கையால் தடவினார். டாங்கி, சில்லு, மூடி.

"மினுங்குதா?"

ஓம் மாமா என்றேன். விரல் மூடியின் நடுவுக்குப் போய் அங்கேயே நின்றது.

"எழுத்தக் காணல்லயே."

பழையது, தேய்ந்திருக்கும் என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. சுபைதா என்னைப் பார்த்தாள், வீட்டுக்குள் போய்விட்டாள்.

மே 31, வெள்ளி

ஜும்ஆவுக்கு மாமாவை நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு படிக்கும் என் சொல்லை நம்பிக் கால் வைக்கிறார். படி என்றால் படி, பள்ளம் என்றால் பள்ளம். வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியில் எல்லாம் சொன்னேன். சோடா, சீனர், எழுத்து, நேற்றைய பொய்.

"சோடாவிலயா போட்ட?" என்று மட்டும் கேட்டார். வீடு வரை கையை விடவில்லை. விட்டால் விழுவார், அதனாலும் இருக்கலாம்.

ஜூன் 1, சனி

மாமாவுக்கு என்னோடு பேச்சு இல்லை. தனியாகச் சாப்பாடு. நெசவுக்கு நீலம் வந்துவிட்டது. பல் பிடுங்கிய இடம் ஆறுகிறது.

ஜூன் 2, ஞாயிறு

காற்று கொஞ்சம் குறைவு. அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா தொப்பி போட்டு, சவளக்கடை வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று சுபைதாவிடம் கேட்டார். தடவிக்கொண்டே கொட்டிலுக்கு வந்தார். மோ.சை.யின் முன் இருக்கையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"ஏன் நிக்கிற? உதை."

மூன்றாவது உதையில் பிடித்தது. என் தோளில் அவர் கை, இறுக்கமாக. வயல் வழியில் நற்பிட்டிமுனை தாண்டினோம். பிறகு பின்னாலிருந்து:

"எஞ்சின் கத்துது. கியர மாத்து, மகனே."

மாற்றினேன்.