வேப்பிலையைப் பிய்த்தெடுத்த மைனிக்கு

மைனி,

மதுரையிலிருந்து தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டி இன்று காலை பஸ்ஸில் வந்தது. மூடியைத் திறந்ததும் விரலில் ஏறிய சில்லிப்பில் உங்கள் ஞாபகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே மருந்துக்கடையில்தான் இன்னும் வேலை பார்க்கிறேன். நீங்கள்தான் இல்லை.

அந்த ஐப்பசியில் ஊரெல்லாம் சளிக்காய்ச்சல். முந்தின வருஷம் அதே காய்ச்சல் உங்கள் இளைப்போடு சேர்ந்து, மூக்கில் குழாயோடு உங்களை ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தது. இன்னொரு தடவை வந்தால் நெஞ்சு தாங்காது, தடுப்பூசி இருக்கிறது, வருஷா வருஷம் போட வேண்டும் என்றார் எங்கள் கடை மாடி டாக்டர். ராஜபாளையம் வந்து வீட்டில் சொன்னேன். அண்ணன் சிரித்தான்.

"காய்ச்சல் வந்தா ஊசி போடுவாக. வராத காய்ச்சலுக்கு எதுக்குலே ஊசி?"

அம்மாவுக்கு எந்தத் தடுப்பூசியும் 'அம்மை குத்துறது'தான். "ஏட்டி, பிள்ள பெத்தவளுக்கு அம்மை குத்தணுமாக்கும்? ஊரு சிரிக்கும்."

நீங்கள் முந்தானையை இடுப்பில் செருகினீர்கள். "மூச்சு முட்டுறது எனக்கு. ஒங்களுக்கா? நடங்க கொழுந்தனாரே, பஸ்ஸு போயிரும்."

ஊசி போட்ட மறுநாள் உங்களுக்குக் கையில் வலி, உடம்பில் லேசான சூடு. டாக்டர் முன்பே சொன்னதுதான். ஆனால் அம்மை குத்தி உடம்பு சுட்டால் அம்மாவுக்கு ஒரே அர்த்தம்: ஆத்தா வந்துவிட்டாள். வாசல் நிலையில் அம்மா வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டாள். தெருவே ஒதுங்கியது. செய்தி உங்களுக்கு முன்னால் நீங்கள் வேலை பார்த்த நூல் மில் கேட்டுக்குப் போய்விட்டது.

"அம்மை கண்ட வீடு. தண்ணி ஊத்துன பொறவு வாம்மா" என்று மேஸ்திரி திருப்பி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தீர்கள். வேப்பிலையைப் பிய்த்தீர்கள். அதைக் கையில் பிடித்தபடி திரும்பவும் மில்லுக்கு நடந்தீர்கள். நான் பின்னாலேயே ஓடி வந்தேன்.

"அம்மையும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. சளிக்காய்ச்சலுக்குப் போட்ட ஊசி. என் நெஞ்சுக்குள்ள ஒங்க மில்லுப் பஞ்சுத் தூசி கெடக்கு. அதுக்குக் கட்டுங்க இந்த வேப்பிலைய. எறங்குதான்னு பாப்போம்."

ஷிப்டு மாறி வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். கேட் திறந்தது.

அந்த மழைக்காலத்தில் நீங்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. அடுத்த மழைக்காலத்திலும் இல்லை. அப்புறம் ஒரு கோடையில், காய்ச்சலே இல்லாமல், தூசி தன் வேலையை முடித்தது. துக்கப் பந்தலில் உட்கார்ந்து ஊர் சொன்னது, "அந்த ஊசிதான்." கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நீங்கள் பஞ்சை மூச்சாக இழுத்ததை ஒருவரும் பேசவில்லை. ஊசி மேல் பழி போட்டால் யாருக்கும் மில் வேலை போகாதே.

இன்று மதியம் உங்கள் நூல் சுற்றும் பிரிவிலிருந்து ஓர் அக்கா வந்தாள். அவளுக்கும் இளைப்பு. டாக்டர் சீட்டைக் கையில் கசக்கிக்கொண்டே நின்றாள்.

"தம்பி, ஒங்க மைனிய இந்த ஊசிதான கொண்டுபோச்சு?"

"ஊசி இல்லக்கா. மில்லுத் தூசி."

கடை முதலாளி பதறினார். "மெதுவாப் பேசுடா. மில்லுக்காரவுகளும் நம்மகிட்டதான் மருந்து வாங்குறாக."

தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தொண்டை உங்களிடமிருந்து வந்தது, மைனி. வேலை போனாலும் இதை அடக்கப் போவதில்லை.

நான் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, அந்த அக்கா கைப்பிடியைப் பற்றி, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, டாக்டரின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.