முன்னால் அடித்த மணி

என் பாசமுள்ள பாக்கியம் அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. பினாங்கில் டிராம் வண்டிகளை நிறுத்தப் போகிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு நம் பள்ளிக்கூடத்துச் சொற்போர்தான் நினைவுக்கு வந்தது. உனக்கு வராமல் இருக்குமா?

பெண் பிள்ளைகள் மேடையேறிய முதல் சொற்போர் அது. சரியாகப் பேசாவிட்டால் அதுவே கடைசி என்று சொல்லிவிட்டு, பள்ளிக் கமிட்டிப் பெரியவர்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். 'ஊருக்கு உகந்தது ரிக்‌ஷாவா, டிராமா?' என்பது தலைப்பு. எந்தக் கட்சி என்பது மேடையில் பிஸ்கட் டின்னிலிருந்து சீட்டு எடுக்கும்போதுதான் தெரியும்.

"ரெண்டையும் தயார் பண்ணி வச்சுக்க புள்ள" என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய்.

"எனக்கு ரிக்‌ஷாதான் வரும், பாருக்கா" என்று நான் வீம்பு பிடித்தேன். சீட்டில் டிராம் வந்தது.

நாலு வாக்கியம் பேசியிருப்பேன். பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் ஒருவர் அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். அப்போது நீ மணியை அடித்தாய். நேரம் பார்த்து மணி அடிப்பது அன்றைக்கு உன் வேலை. எனக்கோ இன்னும் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது.

தலைமை வாத்தியார் தன் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "என்னம்மா, மணி பாக்கத் தெரியாதா?"

"முள்ள மாத்திப் பாத்துட்டேன் ஐயா" என்றாய், தலையைக் குனிந்துகொண்டு.

சபையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நான் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டேன். "மிச்ச நேரத்தை அந்தப் பிள்ளைக்குக் குடுத்துடணும்" என்று வாத்தியாரே சொன்னார். கொட்டுகிற மழையில் நீயும் நானும் நனையாமல் ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போகும் டிராமில் வந்த கதையை அப்படியே பேசினேன். அடுத்த ஆண்டும் பெண்கள் மேடையேறினார்கள்.

ஆனால் உன் கையிலிருந்து மணியை வாங்கிக்கொண்டார்கள். மணி பார்க்கத் தெரியாதவள் என்ற பேர் உன் கல்யாணப் பந்தல் வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேலி செய்தபோதும் நீ வாய் திறக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பேசக் கற்றுக்கொடுக்கும் நானும் திறக்கவில்லை, அக்கா. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இப்போது அந்தச் சொற்போரை நடத்துவது நான்தான். போன வெள்ளிக்கிழமை மேடையேறி, எனக்காக நீ தெரிந்தே மணி அடித்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண், "அப்போ அந்த அக்காவுக்கு என்ன பரிசு குடுத்தாங்க டீச்சர்?" என்று கேட்டாள். கையிலிருந்த மணியையும் வாங்கிக்கொண்டார்கள் என்றேன்.

அதனால் இது என் வாக்கு. நான் இருக்கும்வரை எந்தப் பிள்ளை பேச்சு மறந்து நின்றாலும் மணி அடிக்கும். ஒரு தம்ளர் தண்ணீர் வரும். மிச்ச நேரம் அந்தப் பிள்ளைக்கே. பிள்ளைகள் அதற்குள் 'பாக்கியம் மணி' என்று அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள். நன்றி, அக்கா.

மணி பார்க்க நன்றாகவே தெரிந்தவளின் தங்கை,
தனம்